வராத ஆளைப் பார்த்த பிள்ளைகள்

அருளப்பா,

நாளை விடிந்ததும் நீ போடிக்கு வண்டி ஏறிவிடுவாய். அங்கே முப்பது பிள்ளைகள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, உன் வாயிலிருந்து வருவதைத் திருப்பிச் சொல்லக் காத்திருப்பார்கள். "பையன் வாத்தியாராப் போறான், நல்லது பொல்லாதது எடுத்துச் சொல்லுங்க" என்று உன் அம்மா மூன்று நாளாக என்னை நச்சரிக்கிறாள். இத்தனை வருடம் பிரம்பும் சிலேட்டுமாக இருந்தவனுக்குச் சொல்ல எவ்வளவோ இருக்க வேண்டும். ஆனால் பேனாவை எடுத்தால், உனக்கு ஏழு வயது நடந்தபோது வந்த ஓர் ஆடி மாதத்தைத் தவிர வேறு எதுவும் எழுத வரவில்லை. அதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உன் முகத்தைப் பார்த்தால் பாதியில் நிறுத்திவிடுவேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து, உன்னை வழியனுப்ப ராயப்பன்பட்டியிலிருந்து உன் மாமா வீட்டார் வந்திருந்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் யாரோ உன் சின்ன வயதுப் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார்கள். நீ சொன்னாய்: "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு மாமா. சன்னலோரம் உக்காந்திருந்தேன். அந்தப் பொரிக்காரரு வெளிய நின்னு என்னையவே பாத்தாக. ஒத்தக் கால்லதான் செருப்பு. வாயில விரலை வச்சு, பேசாதங்கிற மாதிரி சாடை காட்டுனாக. பெறகு ஞானமுத்து கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாக." பந்தியில் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். உன் அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள். நான் இலையை மடித்துவிட்டேன். நீ பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். நீ அதைப் பார்க்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அன்றைக்கு நீ பள்ளிக்கூடத்திலேயே இல்லை, மகனே. அந்தப் பொரிக்காரரும் அன்றைக்கு நம் ஊரிலேயே இல்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். அப்போது மலைக்கு மேலே பெரியாற்று அணை வேலை தொடங்கிய புதிது. நம் பள்ளிக்கூடம் கோயிலை ஒட்டிய ஒற்றை அறை. ஓடு வேய்ந்தது, வாய்க்கால் பக்கம் இரண்டு சன்னல். இருபத்திரண்டு பிள்ளைகள். என் பாடம் எப்படி நடக்கும் என்று உனக்கே தெரியும். சட்டாம்பிள்ளை சவரி எழுந்து ஒரு வரி சொல்வான், மற்றவர்கள் எல்லோரும் ஒரே குரலில் அதைத் திருப்பிச் சொல்வார்கள். வாய்ப்பாடும் அப்படித்தான், ஞானோபதேசமும் அப்படித்தான். பரீட்சை பார்க்க வருகிற துரை, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "கடிகாரம் மாதிரி சொல்கிறார்கள்" என்று என் முதுகில் தட்டிவிட்டுப் போவார். எனக்குப் பெருமை தாங்காது. என் வகுப்பில் ஒரு சொல்லுக்கு மட்டும் இடம் கிடையாது. "தெரியாது" என்று சொன்ன பிள்ளைக்கு உள்ளங்கையில் இரண்டு அடி. தப்பாகச் சொன்னால் ஒன்றுதான். ஆகவே பிள்ளைகள் எதையாவது சொல்லித் தப்பிக்கக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தவன் நான்தான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

ஒரே ஒரு பிள்ளைக்கு அதுவும் வரவில்லை. பாக்கியம் என்று ஒரு பெண், எட்டு வயது. கூட்டத்தோடு சேர்ந்து பாடும்போது அவள் வாய் அசையும், சத்தம் வராது. தனியாக எழுப்பிக் கேட்டால் சன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மூன்றாம் வாய்ப்பாட்டைத் தாண்டவில்லை. அவளை நான் மண்டு என்று முடிவுகட்டியிருந்தேன். பிள்ளைகள் முன்னாலேயே சொல்லவும் செய்வேன்.

அந்தத் திங்கட்கிழமை குமுளிக் கணவாய்க் காற்று வெறி பிடித்தது போல அடித்தது. வெயிலும் அடித்தது, கூடவே சாரலும். இப்படி ஒரு பகலை நம் ஊரில்தான் பார்க்க முடியும். தூசி உள்ளே வராமலிருக்கச் சன்னல் கதவுகளைச் சாத்தியிருந்தேன். நீ அதற்கு முந்தின சனிக்கிழமையிலிருந்து பொன்னுக்கு வீங்கியில் படுத்திருந்தாய். தாடை இரண்டும் பந்தாக வீங்கி, உன் அம்மா பத்துப் போட்டுக் கட்டியிருந்தாள். மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டுத் திரும்பியபோது ஞானமுத்துவைக் காணோம். ஆறு வயதுப் பையன். வீட்டுக்குப் போயிருப்பான் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் அவன் அப்பா தேடிக்கொண்டு வந்தார். மறுநாள் காலையில் வாழைத் தோட்டத்து மடையில் பையன் கிடைத்தான்.

அடக்கம் முடிந்து வந்த சூட்டில் பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைத்துக் கேட்டேன். ஊர் ஆண்கள் ஐந்தாறு பேர் வாசலில் நின்றார்கள். "ஏலே, நேத்து வெளியாள் யாரும் இந்தப் பக்கம் வந்தாகளா? பாத்தவுக சொல்லுங்க" என்றேன். பாக்கியம் மட்டும் எழுந்தாள். அதுவரை தானாக எழுந்து நின்றே அறியாதவள். "அய்யா, நீங்கதான ஞானமுத்துவ வாய்க்கால்ல சிலேட்டுப் பலகை கழுவிட்டு வரச் சொன்னீக" என்றாள்.

அருளப்பா, சர்வேசுரன் சாட்சியாகச் சொல்கிறேன், எனக்கு அப்படி ஒரு நினைவே இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. ஆகவே அவள் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். வாசலில் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வை வேறு. பிரம்பை எடுத்து அவள் காலில் இரண்டு போட்டேன். அவள் அழவில்லை, உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு நான் மறுபடியும் பிள்ளைகள் பக்கம் திரும்பி, யாரும் கேட்கச் சொல்லாத ஒரு கேள்வியைக் கேட்டேன். "பொரிக்காரரு வந்தாகளா?"

ஏன் அவரை நினைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போடியிலிருந்து வியாழக்கிழமை தோறும் பொரியுருண்டை விற்க வருவாரே, வேலாயுதம், சிவப்புத் தலைப்பாகை கட்டிக்கொண்டு. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த ஆள். யாராவது வந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். பிள்ளைகள் தலையை ஆட்டினார்கள், இல்லை என்று. நான் விடவில்லை. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சன்னல் பக்கம்? வாய்க்கால் பக்கம்?" இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவை சவரி மெதுவாக எழுந்தான். "வந்த மாதிரி இருக்கு அய்யா." எந்தப் பக்கம் என்றேன். "சன்னல் பக்கம்." தலைப்பாகை கட்டியிருந்தாரா என்றேன். "ஆமா அய்யா, சிவப்பு." நல்லது, உட்கார் என்றேன். நான் "நல்லது" என்று சொன்னதை மற்றப் பத்தொன்பது பிள்ளைகளும் கேட்டார்கள்.

புதன்கிழமை ஆறு பிள்ளைகளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. வியாழன் காலையில் பன்னிரண்டு பேருக்கு. அன்றைக்குப் பதினோரு மணி இருக்கும், வழக்கம் போலத் தலையில் கூடையோடு, "பொரியுருண்டேய்..." என்று குரல் கொடுத்துக்கொண்டு வேலாயுதம் தெருவுக்குள் வந்தார். குற்றம் செய்தவன் அப்படியா வருவான்? அதை யாரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. கோயில் முக்கில் வைத்து மறித்தார்கள். "என்னய்யா, என்ன சங்கதி?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டது என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு கேட்டது சிரிப்பு இல்லை. நான் பிள்ளைகளை உள்ளேயே வைத்துக் கதவைச் சாத்தினேன். அவருடைய வலது கை அன்றைக்கு ஒடிந்தது. கட்டி இழுத்துக்கொண்டு போய்ப் போலீஸ் கச்சேரியில் ஒப்படைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஏட்டு வந்து பிள்ளைகளை ஒவ்வொருவராக விசாரித்தார். பாக்கியத்தைத் தவிர எல்லோரும் பார்த்திருந்தார்கள். பாக்கியத்தை அவர் கேட்கவில்லை, "அது மந்தப் பிள்ளை" என்று நான்தான் ஒதுக்கினேன். எல்லோரும் ஒற்றைக் கால் செருப்பைச் சொன்னார்கள். அதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. யார் முதலில் சொன்னது என்று பிறகு எவ்வளவோ விசாரித்தும் தெரியவில்லை. அது எங்கிருந்தோ வந்து அவர்கள் நடுவில் உட்கார்ந்துவிட்டது. ஏட்டு என்னிடம், "ஒரு பிள்ளை சொன்னாச் சந்தேகப்படலாம். இத்தனை பேரும் சொல்லி வச்ச மாதிரிச் சொல்லுதுகளே" என்றார். அவர் சொன்னதில் இருந்த அர்த்தம் அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை உனக்கு வீக்கம் வடிந்து முதல் நாளாகப் பள்ளிக்கு வந்தாய். மத்தியானம் பங்குச் சாமியார் கூப்பிட்டார் என்று நான் வாய்க்காலுக்கு அப்பால் இருந்த அவர் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினேன். காற்று நின்றுபோயிருந்தது. வாய்க்கால் வரப்பில் வரும்போதே பிள்ளைகள் பாடுவது கேட்டது. ஏழாம் வாய்ப்பாடு ராகம். சொல்லாமலே படிக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு நெருங்கினேன். நெருங்கியதும் சொற்கள் தெளிந்தன.

"திங்கக்கிழமை மத்தியானம் பொரிக்காரர் வந்தாக. சன்னல் பக்கம் வந்தாக, சாடை காட்டி நின்னாக. ஒத்தக் கால் செருப்போட ஓரமா நடந்தாக. ஞானமுத்து கையப் பிடிச்சு நாணல் பக்கம் போனாக."

சவரி ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை, விளையாடவும் இல்லை. கையைக் கட்டி, நிமிர்ந்து உட்கார்ந்து, நான் பழக்கியபடியே சொல்லிக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். முதல் வரிசையில் நீ இருந்தாய். எல்லோரையும் விட உன் குரல்தான் உரக்கக் கேட்டது. என்னைப் பார்த்ததும் உன் முகம் வெளிறிப்போயிற்று. எனக்குப் பதிலாக வேறு யாரோ அந்தச் சன்னலில் நிற்பதாக நினைத்திருப்பாய்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நீ உன் அம்மாவிடம் அதையே சொன்னாய். அவள் முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். "ஏய்யா, நீதான் அன்னிக்கு வீட்ல கெடந்தியே, என் மடியில படுத்துக்கிட்டு?" என்றாள். நீ இல்லை என்றாய். அவள் மறுபடி சொன்னாள். நீ அழத் தொடங்கினாய். "நான் பாத்தேம்மா. அவுக என்னையப் பாத்தாக. எனக்கு இப்பவும் தெரியுது" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினாய். உன் அம்மா முறத்தை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அறையிலேயே இல்லாத பிள்ளைக்கு அவர் தெரிகிறார் என்றால், அறையில் இருந்த பிள்ளைகளுக்கும் அப்படித்தான் தெரிந்திருப்பார்.

அன்றைக்கே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒடிந்த கையோடு ஒரு மனிதர் கொட்டடியில் கிடக்கிறார் என்று தெரிந்தும் ஒரு வாரம் சாப்பிட்டேன், தூங்கினேன், வகுப்பு நடத்தினேன். அவர் வரவில்லை என்று ஒத்துக்கொண்டால், பாக்கியம் சொன்னதைத்தான் நான் எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் பயந்தேன். வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது, மறைக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை மற்றப் பிள்ளைகள் போன பிறகு பாக்கியம் வாசலில் நின்றாள். பாவாடை முழங்கால் வரை நனைந்திருந்தது. கையில் ஒரு சிலேட்டு. "அய்யா, இது துவைகல்லுக்குக் கீழ நாணல்ல கெடந்துச்சு. நாலு நாளாத் தேடுனேன்" என்றாள். சட்டத்தில் ஆணியால் கீறிய பெயர் இருந்தது, ஞானமுத்து. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகிற எந்தப் பிள்ளையும் சிலேட்டை எடுத்துக்கொண்டு போவதில்லை, அனுப்பினால் ஒழிய. நான் அதைக் கையில் வாங்கினேன். "ஒனக்கு எப்படித்தா அது ஞாபகம் இருக்கு?" என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "நான் அவனத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன் அய்யா. கணக்குத் தப்புன்னு நீங்க எச்சி தொட்டு அழிச்சீக. போகல. நல்லாக் கழுவிட்டு வாடான்னீக. அவன் போறப்பக் காத்துல கதவு அவன் மேல அடிச்சுது. திரும்பிப் பாத்துச் சிரிச்சான்." மூன்றாம் வாய்ப்பாட்டைத் தாண்டாத பிள்ளை. என் பாட்டுக்கு வாயசைத்துக்கொண்டே, அந்த அறையில் நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

அப்போதும் மனசுக்குள் ஒரு மூலை ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே ஒரு காரியம் செய்தேன். சனிக்கிழமை அரை நாள் வகுப்பில், கணக்குச் சொல்லிக்கொடுக்கிற சாக்கில், "அந்தப் பொரிக்காரர் கூட ஒரு கருப்பு நாய் வந்துச்சுல்ல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றினேன். திங்கட்கிழமை காலையில் வகுப்பில் அந்த நாய் வந்துவிட்டிருந்தது. பாட்டில் அதற்கும் ஒரு வரி இருந்தது. அதற்கு ஒரு காது அறுந்திருக்கிறது என்று ஒரு சின்னப் பெண் சொன்னாள். இரண்டு பிள்ளைகள் அதற்குப் பயந்து வாய்க்கால் வழியை விட்டுச் சுற்றி வந்தார்களாம். நான் உண்டாக்கிய நாய், அருளப்பா. அது குரைத்ததைக்கூட ஒருவன் கேட்டிருக்கிறான்.

சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சீமையிலிருந்து வந்தவர், புத்தகத் தமிழ்தான் பேசுவார். "முதலில் அந்த மனிதனை வெளியே கொண்டுவருவோம், மற்றவை பிறகு" என்று தொப்பியை எடுத்தார். கச்சேரிக்குப் போய் ஏட்டிடம் நாயைப் பற்றிச் சொன்னோம். ஏட்டு நம்பாமல், தானே வந்து பிள்ளைகளைக் கேட்டார். பத்தொன்பது பேர் நாயைப் பார்த்திருந்தார்கள். அவர் முகம் மாறியது எனக்கு இன்னும் தெரிகிறது. போடிக்கு ஆள் அனுப்பினார். அந்தத் திங்கட்கிழமை முழுக்க வேலாயுதம் தன் வீட்டு அடுப்பில் பொரி வறுத்துக்கொண்டிருந்ததாக ஒரு செட்டியார் வந்து சொன்னார். மறுநாள் அவரை விட்டார்கள். பதினான்கு நாள் கொட்டடியில் கிடந்திருந்தார்.

ஞானமுத்துவின் அப்பா அம்மாவிடம் சிலேட்டைக் கொடுத்து, நான்தான் அனுப்பினேன் என்று சொன்னேன். அவன் அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். தெருவில் அவர் எதிரே வந்தால் நான் ஒதுங்கி நிற்பதை நீ பார்த்திருக்கிறாய், காரணம் இதுதான். அவன் அம்மா மட்டும் சிலேட்டைத் தடவிக்கொண்டே, "இல்லைய்யா, அந்தப் பொரிக்காரன்தான் கூட்டிட்டுப் போனான். நான் கண்ணால பாத்தேன். செவப்புத் தலைப்பாகை" என்றாள். அன்றைக்கு அவள் பண்ணைப்புரம் பக்கம் களை எடுக்கப் போயிருந்தாள். நான் வாதாடவில்லை. பிள்ளையை யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள் என்பது, தனியாகத் தண்ணீரில் இறங்கினான் என்பதைவிட அவளுக்குத் தாங்கக்கூடியதாக இருந்ததோ என்னவோ.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று சாமியாரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "நீ போய்விட்டால், உன்னைப் போலவே கற்பிக்கிற இன்னொருவன் வருவான்" என்றார். அப்படித்தான் இருந்துவிட்டேன். ஆனால் இன்னொரு தவறு செய்தேன். பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லவில்லை. "இனிமே அதப் பத்தி யாரும் பேசக் கூடாது" என்று மட்டும் அதட்டி வைத்தேன். பேசாமல் இருந்தால் மறந்துபோகும் என்று நினைத்தேன். மறக்கவில்லை, உள்ளே போய்க் கெட்டியாகிவிட்டது. போன ஞாயிறு உன் வாயிலிருந்து அது ஒரு சொல் குறையாமல் வந்தது.

நீ என்னிடம் படித்தபோது நான் மாறிவிட்டதை மற்ற வாத்தியார்கள் கேலி செய்வார்கள். எதற்காக மாறினேன் என்று இப்போது உனக்குத் தெரியும். ஞாபகம் என்பது குதிரில் கொட்டி வைத்த தானியம் போல, போட்டது போட்டபடி கிடக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் அதைப் புதிதாகச் செய்கிறோம், செய்கிற நேரத்தில் பக்கத்தில் இருப்பவனின் சொல்லும் கலந்துவிடுகிறது. ஆகவே பிள்ளைகளைக் கூட்டமாகக் கேட்பதற்கு முன்னால், ஒவ்வொருவரையும் தன் சிலேட்டில் தானே எழுத விடு. எழுதிய பிறகு பேசட்டும். நேற்று நடத்திய பாடத்தை இன்றைக்கு நீயே திரும்பச் சொல்லாதே, அவர்களை எடுக்கச் சொல். திணறுவார்கள், திணறட்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி கேள். தேடி எடுத்தது நிற்கிறது, நாம் ஊட்டியது ராகத்தோடு போய்விடுகிறது. பாக்கியத்துக்குப் புளியங்கொட்டையைக் கையில் கொடுத்து மூன்று மூன்றாக அடுக்கச் சொன்னேன். ஒரே மாதத்தில் ஒன்பதாம் வாய்ப்பாடு வரை வந்தாள், பாடாமலே. கேள்வியில் பதிலை ஒளித்து வைக்காதே. "இப்படித்தானே?" என்று ஒரு பிள்ளையைக் கேட்டால் அது ஆமாம் என்றுதான் சொல்லும், உனக்குப் பிடிக்கும் என்பதற்காக. எல்லாவற்றுக்கும் மேலாக, "தெரியாது அய்யா" என்று ஒரு பிள்ளை எழுந்து சொன்னால் அதைப் பாராட்டு. அந்த ஒரு சொல்லை நான் அடிக்காமல் விட்டிருந்தால், அந்தச் செவ்வாய்க்கிழமை இருபது பிள்ளைகள் அதைச் சொல்லியிருப்பார்கள்.

என்னைப் பற்றி ஒன்று. ஞானமுத்துவை அனுப்பியது எனக்கு இன்றுவரை ஞாபகம் வரவில்லை. பாக்கியம் சொன்னதை நான் ஒரு பாடத்தைப் போல அறிந்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் சாத்தியிருந்த அந்தச் சன்னலுக்கு வெளியே ஒரு சிவப்புத் தலைப்பாகை மெதுவாக நகர்ந்துபோவது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. கதவு மூடியிருந்தது என்று தெரிந்தும் தெரிகிறது. அதை அழிக்க முடியவில்லை. உன்னாலும் முடியாது. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அவர் உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். பயப்படாதே.

கடைசியாக ஒரு பொறுப்பை உன்னிடம் ஒப்படைக்கிறேன். விடுதலையான அன்று வேலாயுதத்தைப் பார்க்கக் கச்சேரி வாசலில் நின்றேன். காலில் விழத் தயாராகத்தான் போனேன். அவர் கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு வெளியே வந்து, என்னைத் தனியாக வேப்பமரத்தடிக்கு அழைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "வாத்தியாரே, ஒண்ணு கேக்கணும், மறைக்காமச் சொல்லுங்க. அன்னிக்கு நான் ஒங்க ஊருக்கு வந்தேனா?" என்றார்.

"வரல வேலாயுதம். நீங்க போடியில பொரி வறுத்துக்கிட்டு இருந்தீக. செட்டியாரு சொன்னாக."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா இத்தனை நாளா எல்லாரும் கேட்டுக் கேட்டு, இப்பக் கண்ண மூடுனா அந்தப் பிள்ளை கை என் கைக்குள்ள இருக்கு. ஈரமா இருக்கு. சுண்டுவிரல்ல ஒரு மரு இருக்கு."

ஞானமுத்துவின் சுண்டுவிரலில் மரு உண்டு. வாராவாரம் பொரியுருண்டை வாங்க நீட்டிய கை, பார்த்திருப்பார். எனக்கு நானே அப்படிச் சொல்லிக்கொண்டேன். இருந்தாலும் அந்த வேப்பமரத்து நிழலில், நல்ல வெயில் நேரத்தில், எனக்குக் குளிர்ந்தது.

"நீங்க வரல" என்றேன் மறுபடியும். அவர் என் முகத்தையே பார்த்துவிட்டு, மெல்ல மூச்சு விட்டார்.

அதற்குப் பிறகு அவர் நம் பக்கம் வியாபாரத்துக்கு வரவேயில்லை. போடிக் கடைத்தெருவில் ஒரு சின்னப் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை சிலேட்டு வாங்கப் போடிக்குப் போவேனே, உண்மையில் அவரைப் பார்க்கத்தான் போவேன். ஒவ்வொரு தடவையும் வெற்றிலை கொடுத்து உட்கார வைத்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்பார். நான் அதே பதிலைச் சொல்வேன். அதை வைத்துக்கொண்டுதான் அவர் அடுத்த வருடம் வரை தூங்குகிறார். இந்த வருடம் என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை, இனியும் ஒத்துழைக்காது. என் மகன் வருகிறான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

நீ போ, அருளப்பா. கடைக்கு முன்னால் அவரைப் பார்த்ததும், சன்னலில் நின்ற அதே முகம் என்று உனக்குத் தோன்றும். அவர் கேட்பார். உன் கண் ஒன்று சொல்லும். அதைக் கேட்காதே. "இல்லைய்யா, அன்னிக்கு நீங்க வரல" என்று சொல். இரண்டாவது தடவையும் கேட்பார். இரண்டாவது தடவையும் சொல்.

உன் அப்பா